நீலமும் பழுப்பும்

என் வீட்டுக்காரர் வீட்டைவிட்டுப் போய் நான்கு மாதம் ஆகிறது. வீட்டில் இல்லாத ஆளை வீட்டுக்காரர் என்று சொல்வது சரியில்லைதான். வேறு சொல் தேடும் அளவுக்கு எனக்கு அக்கறை இல்லை. சட்டைகளையும் இரண்டு கிட்டார்களையும் எடுத்துக்கொண்டு போனவர், பின்னறை மேசையில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார். கிட்டாருக்காக அவரே தன் கையால் செய்த, பழைய ரேடியோக்களில் இருக்குமே அந்தக் கண்ணாடி வால்வுகள் வைத்த ஆம்ப்ளிஃபயர். செய்து முடித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. சுவிட்சைப் போட்டால் வால்வுகள் சூடாக அரை நிமிஷம் எடுத்துக்கொள்ளும், பிறகு ஊளையிட ஆரம்பிக்கும். கிட்டாரைச் செருகினாலும் ஊளை, செருகாவிட்டாலும் ஊளை.

டிரான்ஸ்ஃபார்மர் மட்டமான சரக்கு என்றார். வேறு கடையில் இன்னொன்று வாங்கி மாற்றினார். அதே ஊளை. இரண்டாவதும் மட்டம் என்றார். அதோடு துணியைப் போட்டு மூடிவிட்டார். நான் அந்தத் துணியைச் சுற்றித் தூசி தட்டிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வக்கீல் அலுவலகத்தில் பிரிவுப் பத்திரத்தில் கையெழுத்து. அதற்கு முந்தின நாள் வந்து ஆம்ப்பை எடுத்துக்கொள்வதாகச் செய்தி அனுப்பியிருந்தார். புதன்கிழமை என் தங்கை வந்து பத்திரத்தின் நகலைப் படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"'இருவரும் மனமொப்பிப் பிரிகிறோம்'னு போட்டிருக்கு. உனக்கு மனசு ஒப்புதா?"

"தெரியலைடீ."

"அழுதியா?"

"இல்ல."

"திட்டவாவது செஞ்சியா?"

"எதுக்கு?"

"எதுக்கா? மூக்குநுனியில கோபத்த வச்சுக்கிட்டுத் திரிஞ்சவ நீ. பஸ்ல கால மிதிச்சவன, அவன் எறங்குற வரைக்கும் விடமாட்ட. பதினோரு வருஷம் கூட இருந்த மனுஷன் பையத் தூக்கிக்கிட்டுப் போறாரு, நீ கதவச் சாத்திட்டு டீ போட்டுக் குடிச்சிருக்க!"

"தொண்டை காய்ஞ்சிருந்தது."

"விளையாடாதக்கா. இப்படி மரத்துப் போய்க் கையெழுத்துப் போடாத. போட்டா அவ்வளவுதான். ஆறு மாசம் கழிச்சு முழிச்சுப் பார்த்து, ஐயோன்னு உக்காந்தா நான் என்ன பண்றது?"

அவள் சொன்னது நியாயம். அவர் திரும்பி வரவேண்டுமா, ஒழிந்தால் போதுமா என்று எனக்கே தெரியவில்லை. என்னைக் கேட்டால் இரண்டுக்கும் தலையாட்டியிருப்பேன். திங்கட்கிழமை நான் எழுதப்போவது உண்மையா பொய்யா என்று சொல்ல என்னிடம் ஆள் இல்லை. இதை நினைத்துப் பயப்படக்கூட வரவில்லை, அதுதான் விசேஷம்.

மறுநாள் மாலை துணியை எடுத்தேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைக் கோடாக வரையும் கருவி முதல் மருந்து சொட்டும் பம்ப் வரை எது கெட்டாலும் என் மேசைக்குத்தான் வரும். பதினாறு வருஷமாக அதுதான் பிழைப்பு. அவர் தன் நண்பர்களிடம் என்னைப் பற்றிச் சொல்வதெல்லாம் "ஆஸ்பத்திரியில வேலை பாக்குறா." அவர்கள் என்னிடம் தலைவலிக்கு மாத்திரை கேட்பார்கள்.

பெட்டியைக் கவிழ்த்து அடித்தட்டைக் கழற்றினேன். வால்வு ஆம்ப்பில் ஒரு தொல்லை உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கண்டென்சர்கள் நானூறு வோல்ட்டைப் பதுக்கி வைத்துக்கொண்டிருக்கும். முதலில் அதை வடிய விடவேண்டும், மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகுதான் உள்ளே கை. மின்சாரம் ஓடும்போது அளந்தாகவேண்டும் என்றால் ஒரே கை. இன்னொரு கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொள்வது எங்கள் தொழிலில் வழக்கம். இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் நெஞ்சு வழியாகக் குறுக்கே ஓடிவிடும். நைட்டியில் பை இல்லாததால் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி நின்றேன்.

வேலை சுத்தமாக இருந்தது, அதைச் சொல்லியாகவேண்டும். ஈயம் வைத்த இடமெல்லாம் பளபளவென்றிருந்தது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழைப் பூஜ்யத்தில் வைத்து சுவிட்சைப் போட்டேன். ஊளை. அப்படியென்றால் கோளாறு குமிழுக்குப் பின்னால். முதல் வால்வைப் பிடுங்கிவிட்டு மறுபடி சுவிட்சைப் போட்டேன். ஊளை. ஸ்பீக்கரிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் பின்னோக்கி வந்து நடு வால்வில் சேரும். வெளியே போகும் சத்தத்தில் ஒரு சிட்டிகையைத் திருப்பிக் கொண்டுவந்து, அதிகப்படியை அடக்கும் ஒயர் அது. எல்லாவற்றையும் அணைத்து, வடியவிட்டு, அதன் ஒரு முனையை எடுத்துவிட்டேன். மறுபடி சுவிட்ச். அரை நிமிஷம். ஒரு நிமிஷம். ஊளை இல்லை.

அடக்கவேண்டிய ஒயர் தூண்டிவிட்டுக்கொண்டிருக்கிறது. அது ஒரே ஒரு காரணத்தால்தான் நடக்கும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நீல ஒயரும் பழுப்பு ஒயரும் இரண்டு பெரிய வால்வுகளுக்குப் போகின்றன. நீலம் இடதுபக்கம், பழுப்பு வலதுபக்கம் என்று, ஒயர் மாட்ட அவர் வைத்திருந்த படத்திலும் தெளிவாக இருந்தது. ஆனால் அது பெட்டியை மேலிருந்து பார்த்து வரைந்த படம். ஒயர் மாட்டுவதோ பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு. கவிழ்த்தால் இடது வலதாகிவிடும். முதல் டிரான்ஸ்ஃபார்மரிலும் தப்பு, அதே படத்தைப் பார்த்து அதே மாதிரி மாட்டிய இரண்டாவதிலும் தப்பு. பாவம், இரண்டு நல்ல டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு ஒன்றரை வருஷம் கெட்ட பேர்.

நீலத்தையும் பழுப்பையும் இடம் மாற்றி, அந்த மெல்லிய ஒயரையும் பழைய இடத்தில் சேர்த்தேன். பத்து நிமிஷ வேலை. கண்டுபிடித்ததில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கையைக் கழுவிக்கொண்டு படுத்தேன்.

சனிக்கிழமை கடைசியாக ஒருமுறை சோதித்தபோது பென்சிலால் முதல் வால்வைத் தட்டினேன். ஸ்பீக்கரில் மணி அடித்த மாதிரி கேட்டது. உள்ளே தகடு ஏதோ தளர்ந்திருந்தால் வால்வு மைக்காகிவிடும். குமிழை முழுக்கத் திருகி, வால்வுக்குப் பக்கத்தில் குனிந்து, "யாரது?" என்று சத்தமாகக் கேட்டேன். ஸ்பீக்கர் தகரக் குரலில் "யாரது?" என்றது. புதன்கிழமை தங்கை போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் பேச்சு அதுதான். வேறு வால்வு ஒன்று டப்பாவில் இருந்தது. மாற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு வந்தார். புதிதாக முடி வெட்டியிருந்தார். ஒரு கிட்டாரும் கொண்டுவந்திருந்தார்.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன்."

ஆம்ப்பில் செருகி, உட்கார்ந்து, வாசித்தார். அறை நிறைந்தது. உருண்டையான, இளஞ்சூடான சத்தம். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நாளைக்குப் பத்து மணிக்கு எந்தப் பஸ்ஸைப் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அட, யாரு பார்த்தா இத?"

"நான்."

சிரித்தார். "சும்மா சொல்லு. உங்க ஆஸ்பத்திரி ஆளுங்க யாராவதா?"

"அந்த ஆஸ்பத்திரி ஆளு நான்தான்."

"சரி சரி. டிரான்ஸ்ஃபார்மர மாத்தினியா?"

"இல்ல. டிரான்ஸ்ஃபார்மர் ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு. நீலமும் பழுப்பும் மாறியிருந்தது. படம் மேலேர்ந்து பார்த்து வரைஞ்சது. நீங்க பெட்டியக் கவுத்துப் போட்டு, அத அப்படியே பார்த்து மாட்டிட்டீங்க."

"இருக்காது," என்றார். கிட்டாரிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

இருக்காது. குளியலறைச் சுவர் ஊறுகிறது என்று சொன்னபோது இருக்காது. எனக்குக் காய்ச்சல் என்று சொன்னபோது, நெற்றியைத் தொட்டுப் பார்க்காமலே, இருக்காது. நமக்குள் என்னமோ சரியில்லை, உட்கார்ந்து பேசலாமா என்று போன வருஷம் கெஞ்சினேன். அன்றைக்கும் இதே சொல், இதே குரல், கையில் இதே கிட்டார்.

கோபம் வந்தது. அடிவயிற்றில் கிளம்பி காதுமடல் வரை சுட்டது. நான்கு மாதம் எங்கே போய்த் தொலைந்திருந்ததோ, மொத்தமாக வந்தது.

எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

"ஏய், என்ன பண்ற?"

"கொஞ்சம் இருங்க."

பெட்டியைக் கவிழ்த்தேன். கொலைவெறியில் இருந்தாலும் கண்டென்சரை வடியவிட்டுத்தான் கை வைத்தேன். முள் பூஜ்யத்துக்கு இறங்கும் வரை அவர் கிட்டாரை அணைத்துக்கொண்டு நின்றார். நீலத்தை எடுத்து அவர் வைத்த இடத்தில் வைத்தேன், பழுப்பை அவர் வைத்த இடத்தில். ஈயம் ஆறியதும் நிமிர்த்தி, பிளக்கைச் செருகி, சுவிட்சைப் போட்டேன்.

"இப்ப என்ன காட்டப்போற?"

அரை நிமிஷம் இருவரும் வால்வுகள் சிவப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஊளை கிளம்பியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் காதைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. ஊளையை மிஞ்சிக் கத்தினேன். ஈரச் சுவர், காய்ச்சல், மாத்திரை கேட்ட நண்பர்கள், ஒன்றையும் விடவில்லை. என் குரல் அவ்வளவு பெரிதென்று எனக்கே தெரியாது.

"நாளைக்கு ஒம்பது மணிக்கே வந்து அந்த வக்கீல் வாசல்ல நிப்பேன்! என் கையெழுத்துதான் முதல் கையெழுத்து! இதத் தூக்கிக்கிட்டுப் போய் மூணாவது டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிப் போடுங்க!"

அவர் என் முகத்தைப் பார்த்தபிறகுதான் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். நனைந்திருந்தது. எப்போதிலிருந்து அழுதுகொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.