எருவில் முளைத்த கன்று

கிழக்கு வெளுக்கும் முன்பே பதினோரு பெண்களும் நிலத்தில் குனிந்திருந்தார்கள். வெயிலில் இறுகிப்போன செம்மண். குட்டைக் கொத்து இறங்கும் ஒவ்வொரு முறையும் தோள்பட்டை வரை அதிர்ந்தது. சாண் ஆழத்தில் ஒரு குழி, அதில் இரண்டு கை எரு, பிறகு அடுத்த குழி. மழைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. அவர்களில் ஒருத்தியான தலாத்தோவின் கையில் பழைய கொப்புளம் உடைந்து, கொத்தின் காம்பு பிசுபிசுத்தது.

நான்கு வருடத்துக்கு முன்னால் இங்கே புல்கூட முளைக்காது. பெய்த மழையெல்லாம் நிற்காமல் ஓடிவிடும். நிலத்துக்காரர் ஹமாதோ பெரிய மனதோடு இதை இவர்களுக்கு இரவல் கொடுத்தார். எதற்கும் உதவாததைக் கொடுப்பதில் அவருக்குத் தாராளமான கை. இவர்கள் குழி குழியாகத் தோண்டி மண்ணைத் தேற்றினார்கள். போன வருடம் சோளம் ஆளுயரம் நின்றது. அன்றிலிருந்து அவர் கண்ணும் அதன்மேல்தான்.

இரவல் நிலத்தில் மரம் வைக்கக் கூடாது. வைத்தால் மண்ணுக்கே உரிமை கேட்பதாக அர்த்தம். அந்த ஊரில் இது எல்லோருக்கும் தெரியும், ஆடுமாடுகளைத் தவிர. அவை தின்ற வேலங்காயின் விதை எருவோடு வந்து தலாத்தோவின் போன வருடக் குழியில் முளைத்துவிட்டது. களையெடுக்கும்போதே பிடுங்கியிருக்க வேண்டும். இலை உதிர்ந்தால் மண்ணுக்கு நல்லதாயிற்றே என்று விட்டுவைத்தாள். இப்போது முழங்கால் உயரம்.

வெயில் ஏறும் நேரத்தில் வந்த ஹமாதோ மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நேராக அந்தக் கன்றிடம்தான் போனார்.

"என்னம்மா, மரம் வெச்சு எடத்தப் புடிக்கலாம்னு பாக்குறீங்களா?"

"நடலைங்கய்யா. எருவுல வந்து தானா மொளச்சுது" என்றாள் தலாத்தோ.

"தானா மொளச்சத விட்டுவெச்சது யாரு? இந்த வாரமே காலி பண்ணிருங்க. குன்றுக்கு அந்தப் பக்கம் சும்மா கெடக்கற நெலத்த எடுத்துக்கங்க. நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல."

அவர் பாதையோர மர நிழலுக்குப் போனதும் எல்லோரும் தலாத்தோமேல் பாய்ந்தார்கள். ரஸ்மாத்தாதான் அதிகம் திட்டினாள். நாலு வருட உழைப்பு ஒரு கன்றால் போயிற்றே. கன்றைப் பிடுங்கிவிட்டு ஹமாதோவின் காலில் விழலாம் என்று தலாத்தோ குனிந்தாள்.

அதற்குள் குன்றின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த ரஸ்மாத்தா சட்டென்று அவள் கையைப் பிடித்தாள்.

"விடுடி. ஆத்தோரத்துல இவருகிட்ட எரவல் வாங்கி இருந்தவங்கள எதுக்கு வெரட்டுனாரு? அங்க கன்னு எதுவும் மொளைக்கலையே. மண்ணு தேறுச்சு, வெரட்டுனாரு. குன்றுக்கு அந்தப் பக்கமும் நாம தோண்டுவோம். அப்புறம்?"

ஒருத்தி போய் முள் வெட்டி வந்தாள். ஆடு மேயாதபடி கன்றைச் சுற்றி வேலி வைத்தார்கள். மற்றவர்கள் தங்கள் குழிகளில் தேடினார்கள். விரலளவில் இன்னும் ஆறு கன்றுகள் கிடைத்தன. அவற்றுக்கும் முள் வைத்தார்கள்.

ஹமாதோ ஓடி வந்தார். நாளைக்கே ஊர்த்தலைவரைக் கூட்டிவருவேன், மரம் வைத்தது யாரென்று நான் அவரிடம் சொல்ல வேண்டும் என்றார்.

"பதினோரு பேருன்னு சொல்லுங்கய்யா" என்றாள் தலாத்தோ.

மோட்டார் சைக்கிள் கிளப்பிய புழுதி அடங்கவில்லை. விளைச்சலை யார் அறுப்பார்கள் என்று தெரியாத அந்த நிலத்தில் அவள் அடுத்த குழிக்குக் கொத்தை ஓங்கினாள். பக்கத்திலேயே மற்ற பத்துக் கொத்துகளும் இறங்கின.