ஜெனரேட்டர் மாறும் நேரம்

நுஹாத்தின் மடிக்கணினி இந்த மாதத்தில் இரண்டாம் முறை செத்தது, அரசு மின்சாரம் போய் ஜெனரேட்டர் வருவதற்கு இடையிலான அந்தச் சில நொடிகளில். ஸ்வீடனில் இருக்கும் மகன் ராமி அனுப்பிய பழைய இயந்திரம். பேட்டரி எப்போதோ போய்விட்டது; சுவரில் செருகியிருந்தால்தான் உயிர். அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கஸ்ஸானின் பழுதுக் கடைக்கு வந்தாள். கூடவே தங்கை ஸல்வாவும் வந்தாள்.

"என்ன பண்ணுனீங்க, உம் ராமி?" என்றான் கஸ்ஸான். ராமியின் அம்மா என்று அரபியில் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும்.

"ஒண்ணும் பண்ணல. புதுப்பிக்கட்டுமான்னு கேட்டுச்சு. சரின்னேன்."

"எப்போ?"

"ஆறு மணிக்கு."

கஸ்ஸான் தலையில் கை வைத்துக்கொண்டான். லெபனானில், திரிபோலியின் அந்தத் தெருவில் தினமும் ஆறு மணிக்குத்தான் மின்சாரம் ஜெனரேட்டருக்கு மாறும். "போன தடவையும் இதேதானா?"

"கேட்டா பதில் சொல்ல வேணாமா?"

ஸல்வா சிரித்தாள். "வாசல்ல வந்து கேட்டவங்க யாருக்குமே இவ இல்லன்னு சொன்னதில்ல. மெஷினுக்கு மட்டும் சொல்லுவாளா?"

நுஹாத் சிரிக்கவில்லை. ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்து தரும் வேலை ஒன்றுக்குக் கேட்டிருந்தாள். முதல் பதிவு வந்துவிட்டது. ஒரு மீனவரின் பேச்சு. வியாழன் காலைக்குள் அனுப்பினால் வேலை அவளுக்கு. இல்லையென்றால் வேறு யாருக்கோ. கணவர் போனபின் அவள் ஏறி இறங்கிய இடங்களிலெல்லாம் முதலில் வயதைத்தான் கேட்டார்கள். பெய்ரூட்டிலுள்ள இந்த அலுவலகம் கேட்கவில்லை.

"பழைய சிஸ்டத்தையே திரும்பப் போடலாம்," என்றான் கஸ்ஸான். "இல்லன்னா லினக்ஸ்னு வேற சிஸ்டம் போடறேன். இந்தக் கிழட்டு மெஷினுக்கு அது லேசு. எல்லாம் அரபியிலயே வரும். நீங்களா போய்ச் சொன்னாத்தான் புதுப்பிக்கும்."

"ஊரே ஒண்ண வச்சிருக்கு, இவளுக்கு மட்டும் வேற எதுக்கு?" என்றாள் ஸல்வா. "இப்பத்தான் கத்துக்கறா. ஏதாவது ஆனா யாரக் கேப்பா? என்கிட்ட இருக்கறதே இருந்தா நான் சொல்லுவேன்."

"என்னக் கேக்கட்டும்."

"உன்னையா? மத்தியானத்துக்கு முன்னாடி நீ ஷட்டர் தூக்கி நான் பாத்ததே இல்ல."

ஸல்வா சொன்னதிலும் நியாயம் இருந்தது. தபாலகம், வங்கி, செல்பேசி, எதையும் நுஹாத் தங்கையைக் கேட்டுத்தான் கற்றிருந்தாள். இதில் தங்கையும் இருக்கமாட்டாள்.

"லினக்ஸ் போடு. பாக்கறேன்," என்றாள் நுஹாத்.

காபி வந்து, ஆறி, குடித்து முடித்தபின் திரையில் ஒரு வெள்ளைப் பக்கம் திறந்தது. நுஹாத் இரண்டு விரல்களால் மீனவரின் முதல் வரிகளை நினைவிலிருந்து அடித்தாள். ஒருமுறை படித்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் அடித்தாள். பிறகு குனிந்து செருகியைப் பிடுங்கினாள்.

"ஐயோ, உம் ராமி!"

"வீட்டுல இதுதான நடக்கும்?"

மீண்டும் செருகினாள். மூவரும் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் மெல்ல எழுந்தது. எழுதியதை மீட்கட்டுமா என்று அரபியில் கேட்டது. நுஹாத் கஸ்ஸானைப் பார்த்தாள்.

"இதுக்குச் சரின்னு சொல்லலாம்."

வரிகள் திரும்பி வந்தன.

"கடைசியில கொஞ்சம் காணோம்," என்றாள் ஸல்வா.

"ஒவ்வொரு நிமிஷமும் சேமிக்கச் சொல்லியிருக்கேன். நடுவுல அடிச்சது போகும்."

"அத நான் ஞாபகம் வச்சுக்கறேன்," என்றாள் நுஹாத்.

புதன்கிழமை மாலை. இன்னும் அரைப் பக்கம் பாக்கி. ஸல்வா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், உதவி செய்ய ஒன்றுமில்லாமல். ஆறு மணிக்கு விளக்கு போனது. திரையும் போனது. நுஹாத்தின் விரல்கள் விசைகளின்மேல் அப்படியே நின்றன.

"காத்து தெக்க திரும்புச்சு," என்றாள் இருட்டில், மீனவர் சொல்லி அவள் கடைசியாக அடித்ததை. "நாங்க வலைய வெட்டி விட்டோம். ஸல்வா, வலைய நீ வச்சுக்கோ."

"என்னது?"

"காத்து எனக்கு. வலை உனக்கு. மறந்துடாத."

"வலைய வெட்டி விட்டோம்," என்றாள் ஸல்வா. "வலைய வெட்டி விட்டோம்."

"காத்து தெக்க திரும்புச்சு."

மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கீழே தெருவில் ஜெனரேட்டர் ஒருமுறை இருமியது.