கோல்காரர் வருவதற்கு முன்

அந்த ஊரில் லாரி பின்னால் நகர்ந்தாலும் நம்மாளு போட்ட மெட்டுதான் ஒலிக்கும். பள்ளிக்கூட மணி, லிஃப்ட், பல் டாக்டரின் முன்னறை, தொலைபேசியில் 'சற்றுப் பொறுங்கள்' என்று சொல்லிவிட்டு நம்மைத் தொங்கவிடும் நேரம், எல்லாவற்றுக்கும் அதே மெட்டு. 'நம்மாளு' என்றுதான் ஊர் அவரைச் சொல்லும். அவர் காலமாகி எத்தனையோ தலைமுறை ஆகியும், நேற்று சாயங்காலம் கடைத்தெருவில் பார்த்ததுபோலப் பேசுவார்கள். வயதாகிப் பழுத்த பிறகு அவர் எழுதிய இசை அவ்வளவு சாந்தமானது. அதைக் கேட்ட இரண்டு பங்காளிகள் நடுக்கோர்ட்டில் கட்டிப்பிடித்து வழக்கை வாபஸ் வாங்கினார்கள். வக்கீல்கள் எல்லாரும் சேர்ந்து அந்த இசைக்குத் தடை கேட்டு மனுப் போட்டார்கள். மனு தள்ளுபடி ஆனது. நீதிபதியும் கேட்டிருந்தார்.

இளவயதில் அவர் வாத்தியக்குழுவுக்கென்று எதுவுமே எழுதவில்லை என்பது ஆராய்ச்சியாளர்களின் முடிவு. "பதம் வரும்வரை மூடியைத் திறக்காத மனுஷர்" என்று ஊர் அதையும் பெருமையாகவே சொல்லிக்கொண்டது. அரங்க வாசலில் அவருக்கு ஒரு சிலை உண்டு. தாடியும் கக்கத்தில் ஒரு வயலினுமாக நிற்பார். வாலிபத்தில் அவர் இந்த ஊர் வாத்தியக்குழுவில் கொஞ்ச காலம் வாசித்தவர் என்று எல்லாருக்கும் தெரியும். என்ன வாசித்தார் என்று எவரும் கேட்கவில்லை. சிற்பி வயலின் என்று முடிவு செய்துவிட்டார்.

இவ்வளவு சாந்தத்தாலும் கஷ்டப்பட்டது ஒரே ஓர் ஆள், குழுவின் முரசுக்காரர். செப்பு அண்டாக்களுக்குத் தோல் போர்த்தியதுபோலப் பெரிய முரசுகள் மேடையின் கடைசி வரிசையில் இருக்கும். அவற்றுக்கும் பின்னால் இவர் இருப்பார். நம்மாளுவின் இசையில் முரசுக்கு அநேகமாக வேலையே கிடையாது. மற்றவர்கள் வாசிக்க வாசிக்க, இவர் தாளத்தை மனசுக்குள் எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசியில் ஒரு தட்டு. அப்படிப்பட்ட ஓர் இடைவெளியில் பக்கத்து நாற்காலி ட்ரம்பெட்காரருக்கு மீசை முளைத்து நரைத்தே போய்விட்டது என்று சொல்வார்கள். நரைத்தது என்பது மிகை.

வீட்டில் மாமியார் இருந்தார். அந்த அம்மாள் அதே குழுவில் பாசூன் வாசித்து ஓய்வு பெற்றவர். பாசூன் என்பது ஆளுயர மரக்குழல்; அடித்தொண்டையில் பேசும். மாமியாரும் அப்படித்தான்.

"என்ன மாப்பிள்ளை, இன்னிக்கும் நல்லா உட்கார்ந்துட்டு வந்தீங்களா?"

"ஒரு அடி அடிச்சேன், அத்தை."

"அதானே பார்த்தேன். ரேடியோவுல யாரோ எதையோ கீழ போட்டாங்களேன்னு நினைச்சேன்."

"நாற்காலிதான் தேயுது இவருக்கு," என்பாள் மனைவி உள்ளே இருந்து. "குச்சி புதுசா அப்படியே இருக்கு."

நம்மாளுவின் நினைவு விழா வருகிறது என்றதும் முரசுக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டது. "விழாவுக்கு வந்து பாருங்க, அத்தை. உங்க மாப்பிள்ளை மேடையில நின்னு அடிப்பான்," என்று சாப்பாட்டு மேசையில் சபதமே செய்துவிட்டார். மறுநாள் குழுவின் செயலாளர் அம்மா அவரை மாடிப்படியில் மடக்கினார்.

"விழாவுல எல்லாமே மெதுவான உருப்படிங்க, சார். முரசு எதுலயும் இல்ல. நீங்க அன்னிக்கு வீட்டுல ஓய்வா இருங்க."

"ஓய்வெடுக்கிற அளவுக்கு நான் எப்பம்மா வேலை பார்த்தேன்?"

"அதனால என்ன, பழக்கம்தான் இருக்கே."

இதை வீட்டில் போய் எந்த முகத்தோடு சொல்வது? சொல்லவில்லை. குச்சிகளை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டு, தினமும் ஒத்திகைக்குப் போவதுபோலவே போய்வந்தார். கடைசி வரிசையில் முரசுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். அவரை அங்கே யாரும் கவனிக்கவில்லை. வழக்கமாக அவர் இருப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது.

இங்கே அந்தக் குழுவின் ஒரு பழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். குழுவை நடத்துபவர் கையில் சின்னக் கோலோடு வருவார் என்பதால் அவருக்குப் பெயர் கோல்காரர். அவர் வருவதற்கு முன், ஒவ்வொருவரும் நாற்காலியில் உட்கார்ந்ததும் கருவியைச் சூடுபண்ண ஒரு துண்டு வாசிப்பார்கள். அந்த நாற்காலியில் முன்னால் இருந்தவர் சொல்லிக்கொடுத்தது. அவருக்கு, அதற்கும் முன்னால் இருந்தவர். எழுத்தில் கிடையாது. விரல் தன்பாட்டுக்கு ஓடும், வாசிப்பவர் வீட்டில் கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று யோசித்துக்கொண்டிருப்பார். ஆளாளுக்கு வந்த நேரத்தில் ஆரம்பிப்பதால், மொத்தமாகக் கேட்டால் சந்தைக்கடை. சபை அந்த நேரத்தைப் பயன்படுத்தி இருமி முடித்துக்கொள்ளும். கோல்காரர்கள் பரம்பரை பரம்பரையாக அது ஓயும்வரை உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்கள். முரசுக்காரருக்கும் ஒரு துண்டு உண்டு: நீளமான ஓர் உருட்டல், மூன்று அடி, பிறகு குதிரை கட்டறுத்துக்கொண்டு ஓடுவதுபோல ஓர் ஓட்டம். தோல் இறுக்கம் பார்க்க, என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ஒருநாள் காலை அரங்கக் காவலர் சாவியைத் தொலைத்துவிட்டார். குழு முழுவதும் வாசலில் நின்றது. நேரம் போகாமல் பெட்டிகளைத் திறந்து, கருவிகளை எடுத்து, நடைபாதையிலேயே சுருதி சேர்த்து முடித்துவிட்டார்கள். கடைசியில் சாவி காவலரின் கழுத்திலேயே தொங்கியது. கதவு திறந்ததும் எல்லாரும் ஒரே மூச்சில் உள்ளே பாய்ந்து, ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். பழக்க தோஷம், முரசுக்காரர் உருட்டினார். அதே கணத்தில் மற்றவர்களும் ஆரம்பித்தார்கள்.

முரசுக்காரர் கை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, காது நிமிர்ந்தது. பித்தளைக் கொம்பான ஹார்ன் கேட்டதற்கு, சின்னக் குழலான ஓபோ பதில் சொன்னது. வயலின்கள் ஓடிய ஓட்டம் அவருடைய குதிரையின் முதுகில் ஏறி உட்கார்ந்தது. அப்புறம் திடீரென்று ஒரு நிசப்தம். முதல் வயலின்காரம்மா மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளினார். புல்லாங்குழல்காரி தொண்டையைச் செருமினாள். ஹார்ன்காரர் எச்சிலை உதறினார். செல்லோக்காரர் முழங்காலைச் சொறிந்தார். எல்லாம் ஒரே கணத்தில். பிறகு எல்லாரும் ஒன்றாகத் தொடர்ந்தார்கள், முடித்தார்கள், ஒன்றுமே நடக்காததுபோலச் செய்தித்தாளைப் பிரித்தார்கள்.

சும்மா இருப்பதில் முரசுக்காரரை மிஞ்ச ஆள் கிடையாது. அது அவர் தொழில். ஆள் களைத்து நிறுத்துகிற நிசப்தம் வேறு, எழுதி வைத்த நிசப்தம் வேறு என்று அவருக்குத் தோலிலேயே தெரியும். இது எழுதி வைத்தது. யாரோ ஒருவர் வாசிக்கவேண்டும் என்பதற்காக மற்ற எல்லாரும் வாயை மூடிக்கொண்ட நிசப்தம். அந்த யாரோ வாசிக்கவில்லை. வரிசையைப் பார்த்தார். ஆரம்பத்திலிருந்தே சும்மா உட்கார்ந்திருந்தது ஓர் ஆள்தான்: வேறு ஊரிலிருந்து புதிதாக வந்த பாசூன்காரர். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் யாரிடமும் எதையும் சொல்லிக்கொடுக்காமல் கோபித்துக்கொண்டு ஓய்வு பெற்றவர். அதாவது மாமியார்.

முரசுக்காரர் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"அத்தை, மேடையில உட்கார்ந்ததும் நீங்க ஒரு துண்டு வாசிப்பீங்களே, அதை வாசிங்க."

"எதுக்கு? வீட்டுல யாராவது அதிகமா தூங்குறாங்களா?"

"கிண்டல் அப்புறம். இப்ப வாசிங்க, அத்தை. உங்க காலைப் பிடிச்சுக்கிறேன்."

மாப்பிள்ளை இந்த அளவுக்கு இறங்கி வந்ததில்லை. மாமியார் அலமாரிக்குப் பின்னாலிருந்து குழலை எடுத்து, தூசி தட்டி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசித்தார். துள்ளிக்கொண்டு ஓடியது அந்தத் துண்டு. படிக்கட்டுக் கைப்பிடியில் சறுக்கும் பையனைப்போல.

"அதையே மெதுவா வாசிங்க. ரொம்ப மெதுவா."

மெதுவாக வாசித்தார். பாதியில் நின்றுவிட்டார். வெளியே தெருவில் ஒரு லாரி பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. மிச்சத்தை லாரி முடித்தது.

மாமியார் குழலை மடியில் வைத்துக்கொண்டார். "இத்தனை வருஷமா ஊதியிருக்கேன். ஒரு நாள் என் காதுல விழல பாருங்க."

"யார் சொல்லிக்கொடுத்தா, அத்தை?"

"எனக்கு முன்னாடி இருந்தவர். அவர் ஒரு கதை சொல்வார். அப்ப அவர் குடிச்சிருந்தார், நான் கண்டுக்கல. அந்தக் காலத்துல குழுவுல முரசு அடிக்கிற பையன் ஒருத்தன் இருந்தானாம். மொத்தக் குழுவுக்கும் ஒரு உருப்படி போட்டு, வாயால சொல்லிச் சொல்லியே ஒவ்வொருத்தருக்கும் பாடம் ஏத்திட்டானாம். அப்ப இருந்த கோல்காரர் கேட்டுட்டு, 'இது இசையா, இரைச்சலா? வாசிக்கணும்னா நான் உள்ள வர்றதுக்கு முன்னாடி வாசிச்சுத் தொலைங்க'ன்னு சொன்னாராம்."

"சரி?"

"பெரியவங்க சொன்னா தட்டக்கூடாதே. அன்னியிலிருந்து அவர் உள்ள வர்றதுக்கு முன்னாடி வாசிச்சாங்களாம். தினமும்."

அந்தப் பையன் ஊரைவிட்டுப் போனான். தாடி வளர்த்துத் திரும்பினான். குழுவில் ஆட்கள் மாறினார்கள். ஒன்றாக ஆரம்பிக்கவேண்டும் என்பது மறந்துபோனது. ஆனால் மாமியார் ஓய்வு பெறும்வரை ஒரு துண்டுகூட விட்டுப்போகாமல், ஊர் தினமும் நம்மாளுவின் முதல் இசையைக் கேட்டு, அதன்மேல் இருமிக்கொண்டிருந்தது.

முரசுக்காரருக்கு நெஞ்சு விரிந்து சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. பொத்தான் கிடைத்த இடத்தை மனைவி இன்றும் காட்டுவாள். "முரசு அடிக்கிற பையன்," என்றார் திரும்பத் திரும்ப. "அத்தை, நம்மாளு முரசுக்காரர்!"

"அப்புறம் ஏன் முரசுக்கு வேலையே வைக்கல?"

"ரோஷம், அத்தை. இரைச்சல்னு சொல்லிட்டாங்கல்ல."

"அது சரி. உங்க ஜாதி ஆளுங்களுக்கு ரோஷம் ஜாஸ்திதான்," என்றார் மாமியார். முரசுக்கார ஜாதியைச் சொன்னார்.

மறுநாள் மாமியாரையும் குழலோடு அழைத்துப்போய்க் குழுவிடம் சொன்னபோது யாரும் நம்பவில்லை. "என் துண்டு எங்க வாத்தியாரோட சொந்தச் சரக்கு," என்று புல்லாங்குழல்காரி சண்டைக்கே வந்தாள். சரி, வாசித்துப் பார்க்கலாம் என்று வேண்டுமென்றே ஒன்றாக ஆரம்பித்தபோது எல்லாம் குளறுபடி. அதுவரை விரல் தானாக ஓடியது. இப்போது ஆள் யோசித்தார், விரல் நொண்டியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, நீங்க முதல்ல, இல்ல நீங்க முதல்ல என்று மரியாதை செய்துகொண்டே இசையைக் கொன்றார்கள். செயலாளர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். இந்த ஒரு வாய்ப்பும் போனால் விழாவன்று வீடுதான் கதி என்று முரசுக்காரருக்குத் தெரிந்தது. நாற்காலியைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

"யாரும் யாரையும் பார்க்க வேணாம். எல்லாரும் வீட்டுல அடுப்பை அணைச்சோமான்னு நினைச்சுக்குங்க. காதை மட்டும் என் அடியில வைங்க."

உருட்டினார். மூன்று அடி. குதிரை கிளம்பியது, இந்தத் தடவை மொத்தக் குழுவையும் ஏற்றிக்கொண்டு. நிசப்தம் வந்தது. மூக்குக்கண்ணாடி மேலே போனது. புதிய பாசூன்காரர் எழுந்து கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமியார், அந்த நிசப்தத்துக்குள் தன் துண்டைத் துள்ளவிட்டார். செல்லோக்காரரின் வாய் திறந்தபடி நின்றது. புல்லாங்குழல்காரி வாசித்துக்கொண்டே அழுதாள். அது கஷ்டமான காரியம்.

முடிந்தபோது கதவருகில் கோல்காரர் நின்றிருந்தார். அது ஓயும் முன்பே உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு வந்த முதல் கோல்காரர் அவர்தான். நல்ல மனுஷர், கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"விழாவை இதோடதான் ஆரம்பிக்கணும். இதுல எனக்கு என்ன வேலை?"

"நீங்க உள்ள வரக்கூடாது, சார்," என்றார் முரசுக்காரர். "அதுதான் உங்க வேலை."

விழாவன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. கோல்காரர் வராத மேடையில் முரசு உருண்டது. சபை வழக்கம்போல இருமியது, இடம் தேடியது, பக்கத்து ஆளிடம் குடும்ப நிலவரம் விசாரித்தது. பிறகு அந்த நிசப்தம் விழுந்தது. அதன் நட்டநடுவில், மூன்றாம் வரிசையில் ஒருவர் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்த "மூட்டுவலிக்கு அதுதான் கைகண்ட மருந்து" என்பது கூரைவரை போய்த் திரும்பியது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். பாசூன் பேசியது. லாரியிலும் லிஃப்டிலும் கேட்டுக் கேட்டு எலும்பில் ஏறியிருந்த அந்த மெட்டு, தாடி முளைக்காத வயதில், கட்டறுத்துக்கொண்டு ஓடியது. ஊர் அடையாளம் கண்டுகொண்டது. முதலில் மூட்டுவலிக்காரர்தான் எழுந்து நின்றார், எந்த மருந்தும் இல்லாமல். பிறகு எல்லாரும்.

கடைசி அடி முரசுடையது. கைதட்டலில் விளக்குகள் ஆடின என்பதற்கு மின்வாரியத்திலேயே சாட்சி உண்டு. தடிமனான புத்தகம் எழுதியிருந்த ஆராய்ச்சியாளர் எழுந்து நேராக அச்சகத்துக்குப் போனார். சிலையின் கக்கத்திலிருந்து வயலினை எடுத்தால் கை என்னவாகும் என்று கமிட்டி இன்றும் கூடிப் பேசுகிறது.

மாமியார் குழலோடு எழுந்தார். கடைசி வரிசையில் வேர்த்து விறுவிறுத்து நின்ற மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்.

"உட்காருங்க, மாப்பிள்ளை. எவ்வளவு நேரம்தான் நிப்பீங்க?"

அதற்கப்புறம் கோல்காரர் வந்தார், மெதுவான உருப்படிகள் தொடங்கின. எதிலும் முரசு இல்லை. முரசுக்காரர் உட்கார்ந்தார். அவ்வளவு கம்பீரமாகச் சும்மா உட்கார்ந்த ஓர் ஆளை அந்த மேடை அதற்குமுன் பார்த்ததில்லை.