வெங்காயத்தாள் எண்ணிக்கை

மொமோசேவுக்கு நாற்பத்தொன்று. ஃபுமினோ மறுபடி தேடிப் பார்த்தாள், அதே நாற்பத்தொன்றுதான். ஒரு மாதத்தில் இணையத்தில் அவன் பெயர் அடிபட்டது அவ்வளவே. அதே அணியின் முன்வரிசை ஆட்டக்காரனுக்கோ மூவாயிரம்.

யொனாகோ ஊரின் கடல்நாரை கால்பந்து அணி மூன்றாம் பிரிவில் தத்தளிக்கிறது. இடதுபக்கத் தடுப்பாட்டக்காரன் மொமோசேவை அடுத்த வருஷம் வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று வெள்ளிக்கிழமை முடிவு. அவனுக்கு எவ்வளவு ரசிகர்கள் என்று அளந்து சொல்லும் வேலை ஃபுமினோவின் அலுவலகத்துக்கு வந்திருந்தது.

"நாற்பத்தொண்ணா? பாவம், அவன் வீட்டுல கூட அவனைப் பத்திப் பேசமாட்டாங்க போல," என்றார் மேலாளர் நராசாகி. "அப்படியே எழுதி அனுப்பிடும்மா."

அவளுக்குச் சுருக்கென்றது. எண் சரி, சங்கதி பொய். மொமோசேவின் ரசிகர்கள் அவன் பெயரை எழுதவே மாட்டார்கள். ஆட்டக்காரன் தன் பெயரைத் தானே தேடிப் பார்ப்பான். நாம் உருகுவதும் புலம்புவதும் கண்ணில் பட்டு அவன் சங்கடப்படக் கூடாது. அதுதான் மரியாதை. அதனால் நெட்டையாய் வெளுப்பாய் இருக்கும் அவனுக்கு, ஊர் வயலில் விளைகிற வெங்காயத்தாளின் பெயரை வைத்து, மூன்று வருஷமாய் வெளியே மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். அவளும்தான்.

வியாழன் மாலைவரை வாயை மூடிக்கொண்டிருந்தாள். சொன்னால் துரோகம். சொல்லாவிட்டால் அவன் ஊரைவிட்டே போய்விடுவான்.

"சார், 'வெங்காயத்தாள்'னு தேடிப் பாருங்க."

"நான் கால்பந்து கேட்டா நீ காய்கறிக் கடைக்கு அனுப்புறியே!"

"போன சனிக்கிழமை மட்டும் பாருங்க. மூணு மணி பன்னிரண்டு நிமிஷம். மொமோசே கோல் போட்ட நேரம்."

நராசாகி பார்த்தார். காலையிலிருந்து சூப்பும் சமையலுமாய் நாலைந்து என்று ஊர்ந்த எண்ணிக்கை, அந்த நிமிஷத்தில் அறுநூறாய் எகிறியிருந்தது.

"அடேங்கப்பா! ஊரே ஒண்ணா உட்கார்ந்து தாள் நறுக்குச்சா?" கீழே தள்ளிப் படித்தார். "'என் வெங்காயத்தாளே, உன்னைப் பச்சையாவே தின்னுடுவேன்.' யாரும்மா இந்தக் கிறுக்கு?"

"நான்தான் சார்."

நராசாகி சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார்.

மொமோசேவுக்கு இரண்டு வருஷ ஒப்பந்தம் கிடைத்தது. அணி நிர்வாகத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வெங்காயத்தாள் படம் போட்ட பச்சைத் துண்டை அச்சடித்து, அவன் கழுத்திலேயே மாட்டிப் படமெடுத்து ஊருக்கெல்லாம் காட்டியது. ஃபுமினோ ரசிகர்களுக்கு எழுதினாள்: காட்டிக்கொடுத்தது நான்தான், மன்னித்துவிடுங்கள். யாரும் திட்டவில்லை. பதிலும் போடவில்லை.

அடுத்த ஆட்டத்தில் மொமோசே கோட்டோரம் ஓடி, இரண்டு பேரை ஏமாற்றிப் பந்தை அருமையாக உள்ளே அனுப்பினான். கோல்! மைதானம் அலறி அடங்கியது. சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் குனிந்து போனைத் தட்டினார்கள்.

அவள் அவசரமாகத் தேடினாள். வெங்காயத்தாள்: சூப்பு இரண்டு, ஊறுகாய் ஒன்று. மொமோசே: மூன்று.

பக்கத்து இருக்கைப் பெண்ணின் திரையை எட்டிப் பார்த்தாள். அந்தப் பெண் லேசாகத் தலைவணங்கிவிட்டு, போனை மடியில் கவிழ்த்துவைத்தாள்.

எந்தக் காயோ, எந்த மீனோ. புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். அவளுக்கு மட்டும் சொல்லவில்லை. மொமோசே இந்தப் பக்கம் பார்த்துக் கையசைத்தான். எழுத வார்த்தையில்லாமல் ஃபுமினோவும் கையசைத்தாள்.