மூன்றாம் திருத்தம்

படத்தில் அந்த ஒற்றைக் கோட்டை நான் இரண்டு முறை வரைந்தேன். இரண்டு முறையும் லீடர் அழிக்கச் சொன்னான்.

இறுதியாண்டு ப்ராஜெக்ட். அம்மோனியா ஆலை ஒன்றை முழுதாக வடிவமைக்க வேண்டும். குழுவில் நான்கு பேர். லீடர் பேசுவான். 'கணக்கு' என்று நாங்கள் கூப்பிடுகிறவன் எந்தக் குழாயில் எது எவ்வளவு ஓடுகிறது என்ற அட்டவணையைப் போடுவான். நான்காமவன் பைண்டிங் கடைக்குப் போய்வருவான். படம் என் வேலை. உலை, கம்ப்ரஸர், குளிர்விப்பான், இவற்றை இணைக்கும் இருபத்துமூன்று கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு குழாய்.

உலைக்குள் போகும் வாயு ஒரே சுற்றில் முழுதாக அம்மோனியா ஆகிவிடாது. மிச்சத்தைத் திருப்பி உள்ளே அனுப்புவார்கள். நைட்ரஜன் காற்றிலிருந்து வருகிறது. கூடவே கொஞ்சம் ஆர்கானும் வரும். அது எதோடும் சேராது. சுற்றிச் சுற்றி வரும். சேர்ந்துகொண்டே போகும், உள்ளே அழுத்தமும் ஏறும். அதை வெளியே விட ஒரு சின்னக் குழாய் வேண்டும். இருபத்துநான்காவது கோடு. அதைத்தான் லீடருக்குப் பிடிக்கவில்லை.

"இது எதுக்கு?"

"ஆர்கான் வெளிய போக."

"போன வருஷப் படத்துல இல்லையே."

"அதுவும் தப்பு. அதுக்கு முந்தின வருஷமும் தப்பு. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பி அடிச்சிருக்காங்க. காத்துன்னா நைட்ரஜனும் ஆக்சிஜனும் மட்டும்னு எழுதி வச்சிருக்காங்க."

"நாலு வருஷமா பாஸ் ஆயிட்டு வருது. அதுக்குப் பேரு தப்பு இல்ல."

கணக்கு மடிக்கணினியிலிருந்து தலை தூக்கவில்லை. அவனுடைய அட்டவணையும் பழைய அட்டவணைதான். ஒரு கோடு கூடினால் இருபத்துமூன்று எண்களும் மாறும்.

"நீ என்ன சொல்ற?" என்று அவனைக் கேட்டேன்.

"நாளைக்குப் பிரிண்ட். நான் என்ன சொல்ல?"

லீடர் என் தோளுக்கு மேலாகக் குனிந்து திரையில் விரலை வைத்தான். விரல் தடம் பதிந்தது.

"வரையற வேலையை மட்டும் பாரு. உனக்கு நீட்டா வரும்னுதான் உன்கிட்ட குடுத்தோம். வேலைக்கு ஆர்டர் வாங்கி வச்சிருக்கோம், நீயும்தான். இது ஊத்திக்கிச்சுன்னா ஆறு மாசம் போச்சு. வேலையும் போச்சு."

அழித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தேன்.

படத்தில் எதை மாற்றினாலும் மாற்றிய இடத்தைச் சுற்றி ஒரு மேகம் போடுவது வழக்கம். பக்கத்தில் முக்கோணம். அதற்குள் திருத்த எண். ஓரத்தில் இருக்கும் பட்டியலில் என்ன மாற்றம், யார் சொல்லி என்று ஒரு வரி. மேகம் போட்டேன். முக்கோணத்துக்குள் 3 என்று எழுதினேன். பட்டியலில், 'வெளியேற்றுக் குழாய் நீக்கம். லீடர் சொன்னபடி' என்று எழுதினேன்.

"என்ன மேகமெல்லாம் போட்டிருக்க, மழை வருமா?" என்றான் லீடர்.

"திருத்தின இடத்தை அப்படித்தான் காட்டணும்."

"அழகா இருக்கு. இருக்கட்டும்."

பட்டியலை அவன் படிக்கவில்லை. வழிகாட்டிப் பேராசிரியரும் படிக்கவில்லை. வராந்தாவில் நின்றபடியே, தொலைபேசியில் பேசிக்கொண்டே, 'ஒப்புதல்' கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்கு மேலே 'வடிவமைப்பு' என்ற கட்டத்தில் லீடரின் பெயர். 'சரிபார்ப்பு' கட்டத்தில் கணக்கின் பெயர். 'வரைந்தவர்' நான்.

பிரிண்ட் எடுத்த அன்று சாயங்காலம் அதை வீட்டு மேஜையில் விரித்துப் பார்த்தேன். அண்ணன் வேலை முடிந்து வந்தான். அவன் ஆலைகளில் குழாய் பொருத்துகிறவன். அம்மா தட்டு வைக்க இடம் கேட்டாள். அவன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் சாப்பிட்டபடி, மற்றக் கை விரலால் கோடுகளைத் தொடர்ந்தான். மேகத்தில் நின்றான். பட்டியலைப் படித்தான்.

"நல்லா எழுதி வச்சிருக்க, பாப்பா. ஆள் செத்தா கேஸ் நடத்த வசதியா இருக்கும்."

"நான் சொன்னேன். அவன் கேக்கல. அதான் எழுதி வச்சேன்."

"எழுதினது எனக்கு எதுக்கு? இந்தத் தாளை என்கிட்ட குடுத்தா இப்படியேதான் போடுவேன். கோடு இருந்தா குழாய் போடலாம். மேகத்துக்கு என்ன போடறது?"

"காலேஜ் ப்ராஜெக்ட்டுண்ணா. யாரும் கட்டப் போறதில்ல."

"அப்புறம் எதுக்கு மூஞ்சியை அப்படி வச்சிருக்க?"

நான் தாளைச் சுருட்டினேன். அவன் விரல் பட்ட எண்ணெய்க் கறை உலைக்கு மேல் இருந்தது. அதற்கும் அவன்மேல் எரிந்து விழுந்தேன். அவன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

மறுநாள் ப்ராஜெக்ட்டுக்கு வாய்மொழித் தேர்வு. நாங்கள் ஏழாவது குழு. படத்தைப் பலகையில் நான்கு மூலையிலும் குத்தியிருந்தோம். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஓர் ஆலையின் மேலாளர். அவராவது கண்டுபிடிப்பார் என்று இருந்தேன். அவர் கண்டுபிடித்து, பட்டியலைப் படித்து, லீடரை நிமிர்ந்து பார்க்கும் அந்த ஒரு பார்வைக்காகத்தான் அத்தனை நேரம் நின்றேன்.

லீடர் பன்னிரண்டு நிமிடம் பேசினான். மிச்ச வாயு திரும்பிப் போகும் கோட்டைக் குச்சியால் மூன்று முறை சுற்றிக் காட்டினான். தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"படம் சுத்தமா இருக்கு. யார் வரைஞ்சது?"

லீடர் குச்சியால் என்னைக் காட்டினான். குச்சியால்.

"வெரி நைஸ்," என்றார். பேனா மூடியைத் திறந்து மதிப்பெண் தாளை இழுத்துக்கொண்டார்.

அவ்வளவுதான். அவரும் படிக்கவில்லை. நான் எழுதி வைத்த ஒரு வரியை இந்தக் கட்டடத்தில் யாருமே படிக்கப் போவதில்லை. கோட்டை அழித்தது என் கை. அதுவும் நீட்டாக.

"சார், கையெழுத்துப் போடாதீங்க. படம் தப்பு."

லீடர் சிரித்தான். "சார், அவளுக்குக் கொஞ்சம் டென்ஷன்."

பலகையின் அடியில் கிடந்த சிவப்பு மார்க்கரை எடுத்தேன். திரும்பிப் போகும் குழாயிலிருந்து ஒரு கோடு இழுத்தேன். கையில் அளவுகோல் இல்லை. கோணலாகப் போனது. நுனியில் அம்புக்குறி.

"ஆர்கான் வெளிய போக வழி இல்ல, சார். முன்னாடி இருந்துச்சு. நான்தான் எடுத்தேன்."

தேர்வாளர் எழுந்து பலகையருகே வந்தார். சுற்றைப் பார்த்தார். அட்டவணையைப் புரட்டினார். கணக்கைப் பார்த்தார். கணக்கு தன் செருப்பைப் பார்த்தான்.

"காத்துல ஆர்கானே இல்லாத ஊர்லயா ஆலை கட்டறீங்க?" பேனாவை மூடினார். "இதுக்கு மார்க் கிடையாது. வெள்ளிக்கிழமை மறுபடி வாங்க. எல்லா எண்ணும் சரியா இருக்கணும். இல்லன்னா அடுத்த செமஸ்டர்." என்னிடம் திரும்பினார். "தெரிஞ்சே எடுத்தியா?"

"ஆமா, சார்."

"அது இன்னும் மோசம்."

வெளியே வந்ததும் லீடர் குழல் போலச் சுருட்டிய அறிக்கையைச் சுவரில் அடித்தான்.

"மூணு நாள். மூணு நாள்ல எவன் முடிப்பான்? கையெழுத்துப் போட இருந்தாருடி. போட இருந்தாரு. உனக்கு என்ன வெறி?"

"'டி' போடாத."

"இனிமே என்கிட்ட பேசாத."

தாளை வராந்தாத் தரையில் விரித்தேன். மூலைகளில் எங்கள் செருப்புகளை வைத்தேன். முக்கோணம் போட்டு 4 என்று எழுதினேன். பட்டியலில், 'குழாய் சேர்க்கப்பட்டது'. யார் சொல்லி என்ற இடத்தில் என் பெயர்.

கணக்கு பக்கத்தில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தான். "எத்தனை மாறும்?"

"எல்லாம்."

அவன் பழைய அட்டவணையை முழுதாகத் தேர்ந்தெடுத்து அழித்தான்.

லீடர் படிக்கட்டு வரை போய்விட்டுத் திரும்பி வந்து நின்றான். அவன் நிழல் உலையின் மேல் விழுந்தது.

"தள்ளி நில்லு," என்றேன். "என்கிட்ட பேசவும் வேண்டாம். காத்துல ஆர்கான் எத்தனை சதவீதம்னு பார்த்து அவன்கிட்ட சொல்லு."