தங்கப்பல் மீனின் சொந்தக்காரர்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. கால் நனைந்திருந்தால் ஹீட்டர் பக்கம் நீட்டிக்கொள்ளுங்கள். ஆற்றை விற்று மீன் வாங்கிய மனிதரின் கதையைச் சொல்லப்போகிறேன். சிரிக்கலாம், ஆனால் சத்தமாகச் சிரிக்க வேண்டாம். அவர் இன்னும் இதே பாசல் நகரில்தான் பல் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். நம் பல்லும் ஒருநாள் அவர் கைக்குத்தான் போகும்.

டாக்டர் நிக்லாஸ் தோமன் கெட்டவர் இல்லை. வலிக்காமல் ஊசி போடுவார். ஒரு விருந்தில் மற்ற டாக்டர்களெல்லாம் தாங்கள் வாங்கிய கம்ப்யூட்டர் படங்களைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டிருக்க, இவரிடம் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. அங்கேதான் பிடித்தது சனி. மறு வாரமே வங்கியில் கடன் வாங்கி அவரும் என்.எஃப்.டி. என்ற அந்தக் கம்ப்யூட்டர் படங்களில் ஒன்றை வாங்கிவிட்டார். வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் ஒரு மீன். வாய் நிறையத் தங்கப்பல். பல் டாக்டருக்குப் பொருத்தமாகத்தானே இருக்கிறது!

மருத்துவமனைக் கூடத்தில் பெரிய திரை மாட்டி, முன்னால் சிவப்புக் கயிறும் கட்டினார். கடைவாய்ப் பல்லுக்கு வந்த மதோரின் என்னும் பாட்டியம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள்.

"ஏன் டாக்டர், இதே மீன் என் பேத்தி போன்லயும் இருக்கே?"

"அது நகல்மா. அசல் என்கிட்ட இருக்கு."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஒரு வித்தியாசமும் இல்ல. அதான் விசேஷமே!"

"அப்ப நீங்க எதுக்குக் காசு குடுத்தீங்க?"

"உலகத்துல இருக்கற கம்ப்யூட்டரெல்லாம் சங்கிலி மாதிரி கைகோத்துக்கிட்டு, 'இது நிக்லாஸோடது'ன்னு எழுதி வெச்சிருக்கு. யாராலயும் அழிக்க முடியாது."

"பாவம்," என்றாள் மதோரின் அம்மாள். "அழிக்கவும் முடியாதா?"

அழியாத எழுத்து அப்படியே இருந்தது. விலைதான் இறங்கியது. முதலில் படி இறங்குவதுபோல, பிறகு மாடியிலிருந்து பூந்தொட்டி விழுவதுபோல. வங்கி கழுத்தைப் பிடித்தது. கண்ணுகளா, அப்போதுதான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார்.

ரைன் ஆற்றங்கரையில், தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும் மரக்குடில்கள் உண்டல்லவா, முன்னால் நீட்டிய கழியில் சதுர வலை தொங்குமே, அதில் ஒன்று அவருடைய மனைவி எல்ஸ்பெத்தின் அப்பா வைத்திருந்தது. எல்ஸ்பெத் நீச்சல் பழகியது அதன் அடியில்தான். மீன்பிடி உரிமம் மாப்பிள்ளை பேரில் இருந்ததால் கிழவர் குடிலையும் மாப்பிள்ளை பேரிலேயே எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். நிக்லாஸ் அதைத் தரகர் மூலம், வாங்குவது யாரென்றுகூடப் பார்க்காமல் விற்றுக் கடனை அடைத்தார். மனைவியிடம் சொன்னது கையெழுத்துப் போட்ட பிறகு.

எல்ஸ்பெத் கத்தவில்லை. கத்தியிருந்தால் டாக்டர் பிழைத்திருப்பார்.

"சட்டப்படி அது என் பேர்லதானே இருந்துச்சு, எல்ஸி..."

"பேரு உன்னுது. குடில் என்னுது," என்றாள். "முகமூடித் திருவிழா முடியறதுக்குள்ள சாவி என் கைக்கு வரணும், நிக்கி. இல்லன்னா நான் அக்கா வீட்டுலயே இருந்துக்கறேன். நீ உன் மீனோட குடும்பம் நடத்து."

அன்று முதல் அவள் சாயங்காலமானால் அக்கா வீட்டுக்கென்று கிளம்பிவிடுவாள். திரும்பி வரும்போது விரலெல்லாம் பசையும் பெயின்ட்டுமாக இருக்கும். அவர் கேட்கவில்லை. குடிலை மீட்கப் பணம் வேண்டுமே என்று, மீனை வாங்க ஆள் தேடுவதிலேயே அவருக்குப் பொழுது போய்க்கொண்டிருந்தது. சின்ன வயதிலிருந்து திருவிழா ஊர்வலத்தில் முரசு அடித்துவந்த கோஷ்டிக்குக்கூட அந்தக் குளிர்காலம் அவர் போகவில்லை. போயிருந்தால் அந்த வருடத்து முகமூடி என்னவென்று தெரிந்திருக்கும். நம் ஊரில் திருவிழாவுக்கு முன்னால் அதை வெளியாளிடம் யார் சொல்வார்கள்? பெற்ற தாயிடம்கூடச் சொல்ல மாட்டார்களே.

கடைசியில் ஆள் கிடைத்தார். சூரிச்சிலிருந்து ரேத்தோ ஷாப்பி என்று ஒருவர், நேரில் வந்து பேசுகிறேன் என்றார். சூரிச்சுக்காரருக்குப் பாசலின் திருவிழா தேதி எங்கே தெரியப்போகிறது! சரியாகத் திருவிழாத் திங்கள்கிழமை பிற்பகல்தான் வருவேன் என்றார். கெடு நெருங்கிவிட்டதே என்ற பதற்றத்தில் நிக்லாஸும் சரி என்றுவிட்டார்.

இருவரும் பெரிய தெருவிலுள்ள விடுதியில், ஜன்னலோரம் உட்கார்ந்து மாவு சூப் குடித்தார்கள். நிக்லாஸ் போனைத் திறந்து மீனைக் காட்டினார்.

"உலகத்துல ஒண்ணே ஒண்ணுதாங்க," என்றார்.

வெளியே முரசு கேட்டது. தெருமுனையில் முதல் வரிசை திரும்பியது. புல்லாங்குழல்காரர்கள், ஒவ்வொருவர் முகத்திலும் பெரிய மீன்தலை முகமூடி. வாயைப் பிளந்த மீன். வாய் நிறையத் தங்கப்பல். அடுத்த வரிசையும் மீன். அதற்குப் பின்னால் முரசு அடிப்பவர்களும் மீன். தெருவே மீன்.

ஷாப்பி ஸ்பூனை இறக்கிவைத்தார். "ஒண்ணே ஒண்ணுன்னீங்க?"

நிக்லாஸ் தொப்பியைக்கூட எடுக்காமல் வெளியே ஓடினார். முன்னால் போன மீனின் முரசைப் பிடித்துக்கொண்டு, "யாரைக் கேட்டுச் செஞ்சீங்க? இது என்னுது! என் மீன்!" என்று கத்தினார்.

முரசு நிற்கவில்லை. மீன்தலைக்குள்ளிருந்து அவருடைய பழைய கோஷ்டிக் கூட்டாளி ரூடியின் குரல்தான் வந்தது. "வரைஞ்ச புள்ளையக் கேட்டுத்தான்டா செஞ்சோம். செல்மா பூசர்! நம்ம கோஷ்டியோட ஊர்வல விளக்குக்குப் படம் எழுதற பொண்ணு! படத்தோட உரிமை அவகிட்டதான் இருக்கு. நீ வாங்கினதுல அதெல்லாம் கெடையாதாமே? பின்ன என்னத்தடா வாங்கின?"

பின்னால் வந்த வண்டியிலிருந்து நீள மூக்கு வைத்த ஒரு கோமாளி குனிந்து பார்த்தான். "அட, மீனுக்குப் பட்டா வெச்சிருக்கற மகராசன் இவர்தானா! தள்ளுங்க, தள்ளுங்க, சொந்தக்காரரு வந்திருக்காரு!" என்று சொல்லிக்கொண்டே டாக்டரின் காலரைப் பிடித்து இழுத்து ஒரு கூடை வண்ணக் காகிதப் பொட்டுகளை உள்ளே கொட்டினான். கூட்டம் கைதட்டியது.

உள்ளாடை வரைக்கும் காகிதத்தோடு அவர் திரும்பிவந்து உட்கார்ந்தார். ஷாப்பி வெங்காய டார்ட்டை நிதானமாக மென்றுகொண்டிருந்தார்.

"டாக்டர், நான் இதை வாங்கினா, அவங்களை முகமூடியைக் கழட்டச் சொல்ல முடியுமா?"

"முடியாது."

"சட்டையில அடிச்சு விக்கலாமா?"

"அது... செல்மாதான் விக்கலாம்."

"பார்த்துக்கிட்டாவது இருக்கலாமா?"

"அதை யார் வேணாலும் பார்க்கலாம்."

ஷாப்பி பெருமூச்சு விட்டார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு தன் போனை எடுத்து மேசைமேல் தள்ளினார். அதில் கிரீடம் வைத்த கழுதை ஒன்று நின்றது.

"உண்மையைச் சொல்லிடறேன். நீங்கதான் இதை வாங்கிப்பீங்கன்னு நெனச்சு வந்தேன். எங்க ஊர்ல ஒருத்தரும் மிச்சமில்ல. பாசல்ல இன்னும் யாராவது இருப்பாங்கன்னு சொன்னாங்க."

விற்க வந்த இருவர், வாங்க ஆளில்லாமல், மீனும் கழுதையுமாக முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அந்தச் சுரைக்காயாவது நம் ஏட்டில் இருக்கும்.

அப்போது ஒரு மீன்தலை விடுதிக்குள் வந்து நிக்லாஸின் பக்கத்தில் உட்கார்ந்தது. முகமூடி போட்டவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டும், முகமூடியைத் தொடக் கூடாது. அதுதான் முறை. அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

"டாக்டரே, டாக்டரே," என்றது மீன், கீச்சுக்குரலில். "என் பல்லெல்லாம் தங்கம். ஒண்ணைப் பிடுங்கி வித்து உங்க பொண்டாட்டிக்கு ஒரு குடிசை வாங்கித் தரக் கூடாதா?"

"கிண்டல் பண்ணாதீங்க. என் குடும்பமே போகப்போகுது."

"எங்க போகுது? உங்களுக்கு அந்தப் படத்தை வித்த காசுல, செல்மா ஆத்துல ஒரு குடில் வாங்கினா. யாரோ ஒரு முட்டாப்பய அவசர அவசரமா வித்துட்டானாம். உள்ள உட்கார்ந்து படம் வரையறா. ஆனா வலையை இறக்கத் தெரியல, உரிமமும் இல்ல. அதான் ஒரு பொம்பளை அவகிட்டப் போய் ஒப்பந்தம் பேசினா. பரீட்சை எழுதித் தன் பேர்லயே உரிமமும் வாங்கிட்டா. சனிக்கிழமையெல்லாம் வலை அவளுது, வர்ற மீன்ல பாதி செல்மாவுக்கு. குளிர்காலம் பூரா ரெண்டு பேரும் அங்க உட்கார்ந்துதான் இந்த மீன்தலையெல்லாம் ஒட்டினாங்க."

மேசைமேல் ஒரு சாவி விழுந்தது. அதில் கட்டியிருந்த தக்கையைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. மாமனார் செதுக்கிய தக்கை.

"எல்ஸி..."

"இங்க எல்ஸி யாரும் இல்ல," என்றது மீன். சாவியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டது. "பேரு செல்மாவுது. சாவி என்னுது. நீ குடுத்த சாவி இல்ல, நிக்கி. அதனால உள்ள வரணும்னா கதவைத் தட்டணும்."

எழுந்து போய்விட்டது. ஷாப்பிதான் மெல்லக் கேட்டார்: "அந்தம்மா கழுதை வாங்குவாங்களா?"

அடுத்த சனிக்கிழமை நிக்லாஸ் குடிலுக்குப் போகும் பலகைப்பாலத்தில் நின்று நெடுநேரம் தொண்டையைச் செருமினார். பிறகு தட்டினார்.

"யாரு?"

"நான்தான். மீனோட சொந்தக்காரன்."

"எந்த மீனோட?"

உள்ளே எண்ணெய் சிடுசிடுக்கும் சத்தம் கேட்டது. சங்கிலியில் எழுதி வைத்த பெயரைப் பற்றி அவர் ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும்.

"சொந்தமெல்லாம் ஒண்ணுமில்ல, எல்ஸி. செதில் சுரண்ட ஆள் வேணுமான்னு கேக்க வந்தேன்."

தாழ்ப்பாள் நகர்ந்தது. ஏப்ரன் ஒன்று அவர் முகத்தில் வந்து விழுந்தது.

அந்தத் திரை இன்னும் மருத்துவமனையில் தொங்குகிறது. சிவப்புக் கயிற்றை மட்டும் காணோம். அது இப்போது வலைக்கழியில் கட்டியிருக்கிறது, நன்றாகத் தாங்குகிறதாம்.

போய்வாருங்கள், என் கண்ணுகளா. உங்கள் வீட்டுச் சாவி உங்கள் கையிலேயே இருக்கட்டும். தட்டுகிறவருக்குக் கதவு திறக்கட்டும். உங்கள் சட்டியில் விழும் மீனுக்கு முள் குறைந்து சதை நிறையட்டும். அதைப் பகிர்ந்து தின்ன உங்கள் மேசையைச் சுற்றி எப்போதும் ஆள் இருக்கட்டும்.