ரெண்டு வெள்ளிக்கு இறங்கிய மாத்திரை

மருதப்பனின் இதயத்துக்குச் சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் அன்றைய விலை பத்து வெள்ளி. பேரம் பேசினால் குறையும் என்று கேள்வி.

பத்தொன்பது வயது, ஒரு மைல் ஓட்டக்காரன். சனிக்கிழமை ஃபேரர் பார்க் திடலில் முதல் இரண்டு பேராக வருகிறவர்களுக்குக் கோலாலம்பூர் போட்டிக்கு ரயில் டிக்கெட். மருதப்பன் பயிற்சியில் எப்போதும் மூன்றாவது. அந்தத் திடலில் ஒரு காலத்தில் குதிரைப் பந்தயம் நடந்ததாம். விடியற்கால மூட்டத்தில் தனியாக ஓடும்போது பக்கத்தில் குளம்புச் சத்தம் கேட்கிறது என்பான். கால் புல்லில் படாமலே வளைவைக் கடப்பதாக அடிக்கடி ஒரு கனவு வேறு. விழித்தால் மறுபடி மூன்றாவது.

அந்தக் கனவுக்கு மாத்திரை இருக்கிறது என்றான், கப்பல் சாமான் விற்கும் தனசேகரன். வெள்ளைக்காரச் சைக்கிள் வீரர்கள் விழுங்குவதாம், களைப்பே தெரியாதாம். மருதப்பனிடம் பத்து வெள்ளி இல்லை. ஆகவே, சிராங்கூன் ரோட்டில் சேலைக்கடையில் வேலைக்கு நிற்கும் அக்கா தங்கத்தை அனுப்பினான்.

"சத்து மாத்திரைக்கா. நீ பேசினா குறைப்பான்."

தங்கம் விலை கேட்க ஆரம்பித்தால் வியாபாரிகள் சாமி படத்தைப் பார்ப்பார்கள்.

"ரெண்டு வெள்ளி," என்றாள்.

"எடுத்துக்குங்கக்கா," என்றான் தனசேகரன்.

தங்கத்தின் கை நீளவில்லை. பத்து சொன்னவன் சண்டை போட வேண்டாமா? கட்டுப்படியாகாது, பிள்ளைகுட்டிக்காரன் என்று ஒரு மூக்குறிஞ்சலாவது? பேரத்தில் அடம் பிடிக்காதவன் லாபத்தை வேறெங்கோ ஒளித்திருக்கிறான். இது தேக்காவில் நடை பழகும் பிள்ளைக்கும் தெரியும்.

"ஏன், பூஞ்சை புடிச்ச சரக்கா?"

"சேச்சே! முதல் தடவைக்கு இதான் விலை. அடுத்த தடவை தம்பியே வந்துரும்லா. நீங்க அலைய வேணாம்."

"இதைச் சாப்பிட்டா தூக்கம் வருமா?"

"தூக்கமா! ரெண்டு நாளைக்கு வராது. நெஞ்சு மட்டும் குதிரையாட்டம் ஓடும். அதுக்கெல்லாம் பயப்படாதீங்க."

"குதிரைக்கே வித்துக்க. எங்க வீட்டுல மனுசன்தான் ஓடுறான்."

வெறுங்கையோடு வந்தவளைப் பார்த்து மருதப்பன் குதித்தான். "ரெண்டுக்கே தர்றான்னா நானே போய் வாங்கிக்கிறேன்!"

"போயேன். மறுபடி மறுபடி நீயே வருவேன்னு சொல்றான். அவன் சொன்னது சரின்னு காட்டிட்டு வா."

வாசல்வரை போனவன் செருப்பை மாட்டினான். கழற்றினான்.

சனிக்கிழமை மழை மேகம் திடலின் தலைமேல் வந்து உட்கார்ந்திருந்தது. கடைசிச் சுற்றில் சுற்றியிருந்த கூச்சலெல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கியது. கால் ஒவ்வொரு புல்லிலும் பட்டது. பாரமான, வலிக்கிற, தன்னுடைய கால். முன்னால் இரண்டு முதுகுகள் மிதந்தன. ஒன்று மிக அருகில் வந்தது. கை நீட்டினால் தொடலாம். தொடுவதற்குள் கோடு வந்துவிட்டது.

மூன்றாவது.

"அதைப் போட்டிருந்தா ஜெயிச்சிருப்பேன்," என்றான் வீட்டில், சோற்றைப் பிசைந்தபடி.

"அப்ப மாத்திரையைத்தான் ரயில்ல ஏத்தி அனுப்பணும்லா," என்றாள் தங்கம்.

அவன் சிரிக்கவில்லை. மூன்று தடவை சோறு வாங்கித் தின்றான், போய்ப் படுத்தான்.

தங்கம் மனதுக்குள் கணக்குப் போட்டாள். செலவு: கோலாலம்பூர், ஒரு பதக்கம், தம்பி முகத்துச் சிரிப்பு. வரவு: பக்கத்து அறையில் பலகைச் சுவர் அதிரும் குறட்டை. கணக்கு நேராகவில்லை. பாக்கியை அடுத்த வருஷத்துப் பேரில் எழுதினாள்.